கணக்கு சாருக்கு ஒரு வீடு

தர்மராஜ் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கதையைக் கேட்டு முடித்த பிறகு ஆளுக்கொரு பேச்சுப் பேசுவார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெண்டாட்டிமேல் ஒரு நாளும் கை நீட்டியது கிடையாது. ஆனால் பாழாய்ப்போன ஒரு குணம் மட்டும் இருந்தது. யாருக்காவது நல்லது செய்ய வேண்டுமென்று மனசில் பட்டுவிட்டால் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். செய்து முடித்துவிட்டுத்தான் பல்லெல்லாம் தெரிய வந்து நிற்பான்.

அவன் மனைவி சுபாஷினி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவளுக்கு மாசக்கணக்கில் இருமல் விடவில்லை. இவன் நேராக லேபுக்குப் போய், நாளையிலிருந்து அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். ரெஸ்ட்டு எடுக்கட்டுமாம்! ஒரே வாரத்தில் அங்கே வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள். மறு வருஷம் மகள் கனிஷ்கா இன்னும் நன்றாகப் படிக்கட்டும் என்று, தாயையும் கேட்காமல் பிள்ளையையும் கேட்காமல், டிசி வாங்கிக்கொண்டு போய் மூன்று மாடி வைத்த பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்தான். சிநேகிதிகளை விட்ட துக்கத்தில் பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சுபாஷினி துணிமணியைக் கட்டிக்கொண்டு, மகளோடு சேத்தியாத்தோப்பில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"அடிக்கிற புருசனா இருந்தா நாலு பேர்கிட்ட சொல்லி அழுவலாம். பாசத்தாலயே மேல ஏறி மிதிக்கிற ஆள என்னான்னு சொல்லி அழுவுறது?" என்று போகும்போது கேட்டாள். அது ஆயிற்று ஒன்றரை வருஷம்.

பஸ்ஸில் ஏற்ற முடியாமல் விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான். இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் மீன் கிடையாது. மஞ்சள் நிறத்தில் எலுமிச்சம்பழம் போல நான்கு நத்தைகள் மட்டும். ஜங்ஷன் ரோட்டில் கலர் மீன் கடை வைத்திருக்கும் கோதண்டபாணியிடம் கனிஷ்கா அடம்பிடித்து வாங்கியவை. மூன்றுக்கு லட்டு, ஜிலேபி, பன்னு என்று பெயர். நான்காவது எந்நேரமும் ஒரு மூலையில் ஒதுங்கி, தலையை மட்டும் மெதுவாக நீட்டி, உலகத்தையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் கணக்கு சார்.

இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் கனிஷ்கா வருவாள் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்தார்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் சொல்லி மாமா காலையில் ஏற்றிவிடுவார். சாயந்திரம் நாலு மணி பஸ்ஸில் தர்மராஜ் திருப்பி ஏற்றிவிட வேண்டும். முதல் தடவை விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியதும், "அப்பாவப் பாக்க வந்தியா பாப்பா?" என்று ஆசையாகக் கேட்டான்.

"நத்தைய பாக்க வந்தேன்" என்றாள் அவள். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்தவள் ஸ்டூலை இழுத்துத் தொட்டி முன்னால் போட்டு உட்கார்ந்தாள். நடுவில் சாப்பாட்டுக்கு எழுந்தாள். அதை விட்டால் பஸ்ஸுக்குத்தான் எழுந்தாள். அவ்வளவு நேரத்தில் அவனிடம் பேசியது ஐந்தாறு வார்த்தை, அதுவும் நத்தையைப் பற்றி. தர்மராஜ் பின்னால் பாயில் உட்கார்ந்து அவள் ரெட்டைச் சடையையே பார்த்துக்கொண்டிருந்தான். போதும், அதுவே போதும் என்றிருந்தது அவனுக்கு. நத்தை இருக்கிற வரைக்கும் பிள்ளை வரும். இது அவனுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த நத்தைகளுக்கு நடந்த ராஜ உபசாரம் இருக்கிறதே, மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் தொட்டியில் ஊற்றுவான். வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கி, அரை வேக்காடாக வேகவைத்து, ஆறவைத்துப் போடுவான். ஓடு கெட்டியாவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், முட்டை ஓட்டைப் பொடி செய்து போடுங்கள் என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டு ஆம்லெட் கடையில் தினமும் ஒரு பை நிறைய ஓடு வாங்கி வந்து, கழுவி, காயவைத்து, அம்மியில் அரைத்தான். அந்த வீட்டில் அம்மி அரைத்தே வருஷக்கணக்காகியிருந்தது.

தர்மராஜுக்கு வேலை செராமிக் எஸ்டேட்டில், ஒரு பொம்மைக் கம்பெனியில். முதல் சூட்டில் வெந்து வந்த பொம்மைகளைச் சாயக் குழம்பில் முக்கி எடுக்கும் வேலை. குழம்பு ஆறியதும் மறுபடி சூளைக்குப் போய்ப் பளபளவென்று வரும். குழம்பு கலக்குகிறவர் திருமால். தர்மராஜைவிட மூத்தவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"எங்க ஊருல மழக்காலத்துல வயல்ல பொறுக்கி, மொளகு போட்டு வறுத்துத் தின்னுவோம். மூலத்துக்கு அப்பிடிக் கேக்கும். நீ என்னாடான்னா அதுக்கு முட்ட ஓடு அரைச்சு ஊட்டுற!" என்பார்.

"அது எம் பொண்ணு வளக்கறதுண்ணே."

"அப்ப சரி. சம்பந்தி வூட்டு நத்த. தின்னக்கூடாது" என்று சிரிப்பார்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கனிஷ்கா கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஜிலேபி முட்ட போடும்னு நெனைக்கிறேன்ப்பா. தண்ணிக்கு மேல ஏறிக் கண்ணாடில ஒட்டி வைக்கும், ரோஸ் கலர்ல. தண்ணிய நாலு விரல் கொறச்சு வைங்க." பிறகு திரும்பாமலே கேட்டாள்: "குஞ்சு வர்றத பாக்கணும். அரைப் பரீச்ச லீவுல பத்து நாளும் இங்கயே இருக்கட்டுமா?"

பத்து நாள்! "இரும்மா, இரும்மா" என்று பாயிலிருந்து எழுந்தே விட்டான் தர்மராஜ்.

"எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்குது. சாருக்கு மட்டும் ஒளிஞ்சுக்க எடமே இல்ல" என்றாள் அவள், அதே மூச்சில்.

சொன்னபடியே டிசம்பர் பத்து தேதிவாக்கில் ஜிலேபி முட்டை வைத்தது. சின்ன முத்துகளைக் கோத்து ஒட்டினாற்போல, விரல் நீளத்துக்கு ஒரு கொத்து. தர்மராஜ் போட்டோ எடுத்து அனுப்பினான். பதிலுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. "அப்பா! அப்பா! அப்பா!" மூன்று தடவை. வேறு ஒன்றுமே இல்லை அதில். அன்றைக்கு அதை அவன் எத்தனை தடவை போட்டுப் போட்டுக் கேட்டான் என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். நல்லது செய்யாமல் இருந்தால் அவனுக்குத்தான் கை அரிக்குமே. கணக்கு சாருக்கு ஒரு வீடு கட்டிவிட்டான்.

உண்மையைச் சொன்னால் அழகான வீடு. கம்பெனிக் களிமண்ணில் கையாலேயே பிடித்தது. தேங்காய் மூடி அளவில் கூரை, வட்டமாக ஒரு வாசல், பக்கத்தில் சின்ன சன்னல். முதல் சூட்டில் வெந்ததும் பச்சைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தான். குளத்துப் பாசி மாதிரி இருக்கட்டும், சாருக்குப் பிடிக்கும் என்று பச்சை. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தொட்டிகள் எல்லாம் நிறத்தின் பெயரில்தான்: பச்சை, வெள்ளை, ப்ரௌன். அதில் எந்தப் பொடி எவ்வளவு என்பது திருமாலுக்குத் தெரியும். முக்குகிறவனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் வந்ததில்லை. இருபத்தோரு வருஷமாக முழங்கை வரைக்கும் பச்சையில் விட்டு எடுக்கிறான், இது என்னண்ணே என்று ஒரு நாள் கேட்டதில்லை.

சூளை நிறைந்திருந்தது. அனல் சரியாக எட்டாத அடி வரிசை ஓரத்தில்தான் வீட்டுக்கு இடம் கிடைத்தது. வெளியே எடுத்தபோது பளபளப்பே இல்லை. மங்கலாக, தொட்டால் மாவு போல இருந்தது.

"என்னா தர்மு இது, வேவவே இல்லியே! மறுக்கா ஒரு சூட்டுல வையி" என்றார் திருமால்.

"இதாண்ணே அழகு. பாசி புடிச்ச மாரி இருக்குது பாருங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை, மேசைமேல் வைக்கிற பொம்மை என்று நினைத்துக்கொண்டார். தண்ணீருக்குள் வைக்கப்போகிறேன், நத்தைக்கு என்று இவனும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் அவர் அங்கேயே அதைப் பிடுங்கி உடைத்துப் போட்டிருப்பார்.

திங்கட்கிழமை வீட்டைத் தொட்டியில் இறக்கினான். பிள்ளை வர இன்னும் ஆறு நாள் இருந்தது. ஒரு மணி நேரத்தில் கணக்கு சார் வந்து வாசலில் நின்று, கொம்பை நீட்டி முன்னும் பின்னும் பார்த்து, உள்ளே போய்விட்டார். கிரகப்பிரவேசம்! தர்மராஜ் கையைத் தட்டிச் சிரித்தான். இதைப் போட்டோ எடுத்து அனுப்பவில்லை. நேரில் வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தான்.

புதன்கிழமை லட்டு கண்ணாடியில் ஏறித் தண்ணீருக்கு மேலே வந்து தொங்கியது. இதுவும் முட்டை வைக்கப்போகிறது என்று நினைத்தான். பன்னும் ஏறியது. அட, எல்லாம் ஒரே நேரத்தில் என்று பூரித்துப்போனான். அவை ஓடிப்போகப் பார்த்தன என்பது அவனுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில் லட்டு கீழே விழுந்து மல்லாந்து கிடந்தது. தொட்டபோது ஓட்டிலிருந்து சதை தளர்ந்து வெளியே சரிந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. மார்கழிப் பனிதான் காரணம் என்று முடிவுகட்டி, தொட்டியைச் சுற்றிப் போர்வையைக் கட்டி, மேலே ஒரு குண்டு பல்பை எரியவிட்டான். முட்டை ஓட்டுப் பொடியை இன்னும் இரண்டு ஸ்பூன் கூடப் போட்டான். யாரையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னு தன் ஓட்டு வாயை அடைக்கும் மூடியை இறுக்கிக்கொண்டு திறக்கவே இல்லை. பன்னை ஒரு டம்ளரில் போட்டு, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, கோதண்டபாணி கடைக்கு அரக்கப் பரக்க ஓடினான்.

கோதண்டபாணி டம்ளரை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "இது போயிடுச்சுங்க. தொட்டில புதுசா என்னா போட்டீங்க? மருந்து கிருந்து?"

"மருந்தெல்லாம் இல்லீங்க. ஒரு வூடு செஞ்சு வச்சேன். நானே செஞ்சது, நம்ம கம்பெனி களிமண்ணுல."

"கலரு?"

"பச்சைங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பச்சைக்கு என்னா போடுவாங்க உங்க கம்பெனில?"

தெரியவில்லை. கடை வாசலிலேயே நின்று திருமாலுக்குப் போன் போட்டான். "செம்புதான்யா. கறுப்பா ஒரு பொடி இருக்குமே, செம்பு கருகுன பொடி. அதாம் சூட்டுல பச்சையாவும். எதுக்குக் கேக்குற?" என்றார் திருமால். தர்மராஜ் காரணம் சொன்னான். "அடப்பாவி, வேவாத பச்சைய தண்ணில போட்டா எறங்காதா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா தர்மு?" என்று கத்தினார் திருமால்.

"செம்பு ஒரு துளி போதுங்க நத்தைக்கு" என்றார் கோதண்டபாணி. "மீனுக்கு ஊத்துற மருந்துலகூட செம்பு இருந்தா, நத்த கெடக்குற தொட்டில ஊத்தமாட்டோம். மொதல்ல போயி வூட்ட வெளில எடுங்க. தண்ணி, கல்லு எல்லாத்தையும் மாத்துங்க. மஞ்ச நத்த கேட்டீங்கன்னா இப்ப எங்கிட்ட இல்ல, பொங்கலுக்கு அப்பறந்தான்."

வீட்டுக்கு ஓடிவந்து அந்தக் களிமண் வீட்டை வெளியே எடுத்தான். கணக்கு சார் உள்ளேயே இருந்தார். தட்டிப் பார்த்தான், குலுக்கிப் பார்த்தான். வரவில்லை. அவன் கொடுத்த இடம் பிடித்துப்போய் ஐந்து நாளாக வெளியிலேயே வராமல் இருந்திருக்கிறது அந்த ஜீவன். தர்மராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மிஞ்சியது ஜிலேபி ஒன்று. அப்புறம் அந்த முட்டைக் கொத்து. அதாவது பத்து நாள் மிஞ்சியிருக்கிறது என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டான். கல்லையெல்லாம் வாரித் தெருவில் கொட்டினான். தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை இறைத்தான். நான்கு வாளி, ஐந்து வாளி என்று நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். எங்காவது துளி விஷம் ஒட்டியிருந்தால்கூடக் கரைந்து ஒன்றுமில்லாமல் போகட்டும் என்று விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றினான். ஜிலேபியை மெல்ல இறக்கிவிட்டான். அது மூடியைச் சாத்திக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கனிஷ்கா பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதித்தாள். கையில் ஒரு பூதக்கண்ணாடி. குஞ்சுகளைப் பார்ப்பதற்காக அறிவியல் டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்ததிலிருந்து வாய் மூடவில்லை. குஞ்சு கடுகு அளவுதான் இருக்குமாம், ஓடு கண்ணாடி மாதிரி இருக்குமாம், இருபது குஞ்சை டீச்சருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாளாம், அம்மாகூட ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றாளாம். ஒன்றரை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். அந்தப் பேச்சை நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை.

வீட்டு வாசலில், "பாப்பா, ஒரு நிமிசம்" என்றான். அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அவன் போனபோது தொட்டிக்குள் கையை விட்டு ஜிலேபியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். "செத்துப்போச்சுப்பா" என்றாள். "மத்ததெல்லாம் எங்க?"

தர்மராஜ் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. வீடு, பச்சை, செம்பு, போர்வை, பல்பு, எல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை, "நீங்கதான அதுல வேல செய்றீங்க? உங்களுக்கே தெரியாதா?" என்றாள். திட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். தெரியாதும்மா என்றான்.

"முட்டை இருக்குதும்மா" என்றான் அவசரமாக. "முட்டைக்கு ஒண்ணும் ஆவல."

அவள் தொட்டியைப் பார்த்தாள். "முட்ட தண்ணிக்குள்ள இருக்குதே."

"நல்ல தண்ணிம்மா அது. வெசத்தக் கொறைக்கணும்னு நெறைய ஊத்துனேன்."

"தண்ணிக்கு மேலதான இருக்கணும். அதுங்க காத்துலதான்ப்பா மூச்சு வுடும். எப்ப ஊத்துனீங்க?"

"வெள்ளிக்கிழம."

அவள் விரலை விட்டுக் கொத்தைத் தொட்டாள். ஊறிப்போய்ச் சோற்றுப் பருக்கை மாதிரி கையோடு வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் அதை வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டாள். அழுதவன் தர்மராஜ்தான். தரையில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதான். அவள் சமையல்கட்டுக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அழுவாதீங்கப்பா. நான் நாலு மணி பஸ்ஸுல போறேன்."

"பத்து நாளுன்னியேம்மா?"

"கோவம் இல்லப்பா. சத்தியமா இல்ல." எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். "நத்த இருந்தா நான் அதப் பாத்துகிட்டு உக்காந்திருப்பேன். நீங்க பின்னால இருப்பீங்க. அது நல்லா இருந்திச்சு. இப்ப உங்களையே பாத்துகிட்டு உக்காரணும்ல. எனக்கு என்னா பேசறதுன்னே தெரியலப்பா."

மதியம் அவன் சாதம் வடித்தான், ரசம் வைத்தான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள், வீட்டில் இருக்க இரண்டு பேருக்குமே முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் சேத்தியாத்தோப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. பையை மேலே ஏற்றி, சன்னலோரம் உட்காரவைத்தான். கண்டக்டரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அடுத்த ரெண்டாவது ஞாயிறு என்று அவனும் பேச்சு எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

வண்டி உறுமியது. அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. தோன்றியதை இந்தத் தடவை செய்துவிட்டு வந்து நிற்கவில்லை, கேட்டான். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்து நாலு வயசுக்கு முதல் தடவையாக, பயந்து பயந்து கேட்டான்.

"பொங்கலுக்கு அப்பறம் கோதண்டபாணி கடைக்குப் புது நத்த வருமாம். நாலு வாங்கி வைக்கட்டுமா பாப்பா?"

கனிஷ்கா கம்பி மேலிருந்த அவன் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"வாணாம்ப்பா" என்றாள். "பாவம் அதுங்க."